பக்கத்தில் குறட்டை: காதை அடைப்பதா, இடம் மாறிப் படுப்பதா, மருத்துவரிடம் போவதா?

ராத்திரி 2 மணிக்கு எடுக்கிற முடிவு எதுவும் உருப்படியாக அமைவதில்லை. தோளைப் பிடித்து உலுக்குவோம். அவர் 'ம்ம்' என்று புரண்டு படுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கும். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனால் அங்கே கொசு. காலையில் கண் எரிய எழுந்து, காபி போட்டு, அந்த நாளை எப்படியோ தள்ளிவிட்டு இரவு அதே கட்டிலுக்குத் திரும்புவோம். பல வீடுகளில் வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. என்னென்ன வழி இருக்கிறது, நம் வீட்டுக்கும் நம் ஆளுக்கும் எது ஒத்துவரும் என்று பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசிப்பதே இல்லை.

இணையத்தில் தேடினால் 'விருந்தினர் அறையில் போய்ப் படுங்கள்' என்கிறார்கள். ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஹாலில் மாமியாரும் பிள்ளைகளும், வீட்டுக்கே ஒரு ஏசி என்று இருக்கிற குடும்பத்தில் விருந்தினர் அறைக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். கணவன் மனைவி என்று எழுதினாலும், அப்பாவுடன் ஒரே அறையில் படுக்கும் மகனுக்கும், விடுதியில் அறை பகிர்ந்துகொள்பவருக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதை அடைப்பது, மின்விசிறியை ஓடவிடுவது, இடம் மாறிப் படுப்பது எல்லாமே நல்ல வழிகள்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றில் எதைத் தொடங்குவதற்கு முன்பும் அந்தக் குறட்டையை ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தாக வேண்டும்.

கேட்டுப் பார்ப்பது என்றால்

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, மேலண்ணத்தின் மென்மையான பகுதியும் உள்நாக்கும் தொய்கின்றன. பலூனின் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் சத்தம் வருமே, அதுபோலக் குறுகிப்போன வழியில் காற்று நுழையும்போது இந்தத் தசைகள் அதிர்ந்து குறட்டையாகின்றன. வழி குறுகும்வரை சத்தம் இருக்கும். முழுவதும் அடைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. 'அப்பாடா, நின்றுவிட்டது' என்று நாம் நிம்மதியாகும் அந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

நெஞ்சும் வயிறும் அசைகின்றன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. பத்து வினாடி, சிலருக்கு அரை நிமிடம்கூட இப்படி ஓடும். பிறகு திடீரென்று திணறி, உறுமி, ஒரு பெரிய மூச்சு. தூக்கத்தில் மூச்சு தடைபடும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். குறட்டை விடும் எல்லோருக்கும் இது இருக்கும் என்று இல்லை. இருப்பவர்களைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாளம் தப்பலாம், பக்கவாத ஆபத்து கூடும். பகலில் அசத்துகிற தூக்கம் வேறு. வண்டி ஓட்டுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சிக்கல் என்னவென்றால், தனக்கு மூச்சு நிற்கிறது என்பது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு திணறலிலும் மூளை விழித்துக்கொண்டாலும் காலையில் நினைவில் எதுவும் இருக்காது. இந்த நோயைச் சந்தேகிக்க மருத்துவர்கள் ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். சத்தமான குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் எடை, 50 வயதைத் தாண்டியது, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருப்பது, ஆணாக இருப்பது. இவற்றில் மூச்சு நிற்பதைப் பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் படுப்பவர் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

அதனால்தான் சொல்கிறேன், காதை அடைப்பதற்கு முன் இரண்டு மூன்று இரவுகள் கேளுங்கள். செல்போனில் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால், பகலில் அவர் தெளிவாக இருந்தால், மற்ற வழிகளை நிதானமாகப் பார்க்கலாம். நடுநடுவே நின்று திணறிக் கிளம்பினால், அல்லது மதியம் டிவி முன்னால் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிழுந்தால், நேராக மருத்துவம் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிள்ளை அசந்து தூங்குது' என்று குழந்தையின் குறட்டையை ரசிக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சளி பிடித்த நாட்களில் வந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. தினமும் குறட்டை விட்டால், வாயைத் திறந்தே தூங்கினால், டான்சிலோ மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டோ வீங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் புதிதாகக் குறட்டை தொடங்கினாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சமயத்தில் ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

இன்று ராத்திரிக்கு: பஞ்சா, இயர்ப்ளக்கா, மின்விசிறியா?

நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது, அவ்வப்போது எழும் சத்தமும் 45-ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவுக்கு வரும். பலத்த குறட்டை அந்த அளவைத் தொட்டுவிடும், தாண்டவும் செய்யும். அப்படியென்றால் நாம் 15, 20 டெசிபலையாவது குறைக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் முதலில் கைவைப்பது பஞ்சு. அது அநேகமாக எதற்கும் உதவாது. காற்று புகும் அளவுக்குத் தளர்வான பஞ்சு சத்தத்தையும் உள்ளே விட்டுவிடும். எண்ணெயில் நனைத்துத் திணிப்பது அதைவிட மோசம், காதில் தொற்று வர வழி செய்யும்.

மருந்துக்கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் நுரை இயர்ப்ளக் நல்ல தேர்வு. விலை குறைவு, இன்றைக்கே வாங்கிப் பயன்படுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெட்டியில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகக் கணக்கு. வீட்டில் நாம் போட்டுக்கொள்ளும்போது பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது சரி. அந்தப் பாதியும் கிடைக்க வேண்டும் என்றால் போடும் முறை முக்கியம். கை கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கு இடையில் உருட்டி ஊசி மாதிரி மெல்லியதாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள். காது வழி நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். 'எனக்கு இயர்ப்ளக் வேலை செய்யல' என்பவர்களில் பலர் பாதியளவுகூட உள்ளே விடாமல் வெளியே தொங்கவிட்டிருப்பவர்கள்தான். நுரை உறுத்தினால், காதின் வாயில் அப்பிக்கொள்ளும் மெழுகு அல்லது சிலிகான் வகை இருக்கிறது. சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அதுதான் வலிக்காது.

குறைகளும் உண்டு. இயர்ப்ளக் கீச்சென்ற சத்தத்தை நன்றாகத் தடுக்கும், அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த உறுமலை அவ்வளவு தடுக்காது. தினமும் போட்டால் காதுக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளலாம். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. ஒரே ஜோடியை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் அழுக்கானதும் தூக்கிப் போடுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி: ராத்திரியில் உங்களை யார் கூப்பிடுவார்கள்? பக்கத்தறையில் படுத்திருக்கும் வயதான அம்மா பாத்ரூம் போகக் கூப்பிட்டால், தொட்டிலில் குழந்தை அழுதால், உங்கள் காது அடைத்திருக்கும். குறட்டை விடுபவரோ அசந்து தூங்குவார். கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக ஒருவரோ உள்ள வீட்டில் அந்த இரவுக்கு யார் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்ளாமல் இயர்ப்ளக் போடாதீர்கள். அலாரம் சுலபம். கையில் கட்டும் பேண்டை அதிர்வில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது மின்விசிறி. சத்தத்தை இன்னொரு சத்தத்தால் மூடுவது என்றால் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. தூங்குகிற மூளையைச் சீரான சத்தம் பெரிதாக எழுப்புவதில்லை, திடீர் மாற்றம்தான் எழுப்புகிறது. குறட்டை ஏறி இறங்கி, நின்று கிளம்புவது. டேபிள் ஃபேனின் ஒரே மாதிரியான இரைச்சல் அந்த ஏற்ற இறக்கத்தை மழுங்கடிக்கிறது. ஃபேனை உங்கள் தலைப்பக்கம், காற்று முகத்தில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள். குறட்டை விடுபவர் பக்கம் வைத்தால் பாதிப் பயன் போய்விடும்.

புதிதாக ஏசி வாங்கிய வீடுகளில் குறட்டைத் தொல்லை கூடியதுபோலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். பழைய சீலிங் ஃபேனின் கடகட சத்தமும், திறந்த ஜன்னல் வழியாக வந்த தெருச் சத்தமும் குறட்டையை ஓரளவு மூடியிருந்தன. இப்போது ஜன்னல் சாத்தியிருக்கிறது, இன்வெர்ட்டர் ஏசி சத்தமே போடுவதில்லை, அறைக்குள் குறட்டை மட்டும் தனியாக நிற்கிறது. ஏசியோடு சேர்த்து ஃபேனையும் ஓடவிடுங்கள். வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி கூட்டி வைத்தாலும் குளிர்ச்சி போதும்.

செல்போனில் மழைச் சத்தம், அருவிச் சத்தம் போட்டுக்கொள்பவர்கள் அதைத் தரவிறக்கிவிட்டு ஏரோப்ளேன் மோடில் வைப்பது நல்லது. வீடியோ தளத்தில் ஓடவிட்டால் நடுராத்திரியில் விளம்பரம் வந்து தூக்கிப் போடும். இரைச்சலை ஒழிக்கும் ஹெட்போனில் பல ஆயிரம் செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விமானத்தின் சீரான உறுமலை அடக்க அது அருமையான கருவி. சீரில்லாத குறட்டையை அவ்வளவு அடக்காது, ஒருக்களித்துப் படுத்தால் காதை அழுத்தும்.

இயர்ப்ளக், ஃபேன் இரண்டில் ஒன்று என்றால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஃபேன், மற்றவர்களுக்கு இயர்ப்ளக். இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இயர்ப்ளக் சத்தத்தின் அளவைக் குறைக்கும், மிச்சமிருக்கும் உறுமலை ஃபேன் மூடிவிடும். மின்வெட்டு வந்தால் ஃபேன் நின்று குறட்டை 'பளீர்' என்று கேட்கும், அப்போது இயர்ப்ளக்தான் துணை.

ரயிலில் இயர்ப்ளக்கை விட்டால் வேறு வழியே இல்லை. எழும்பூரில் ஏறி மதுரைக்கோ நெல்லைக்கோ போகும் இரவு வண்டியில் மிடில் பெர்த்தில் இருப்பவரை எழுப்பி 'கொஞ்சம் திரும்பிப் படுங்க' என்று சொல்ல முடியாது. இறங்க வேண்டிய ஊர் தவறிவிடுமோ என்ற பயம் இருந்தால் ரயில்வேயின் 139 எண்ணில் ஊர் வருவதற்கு முன் எழுப்பிவிடும் வசதி இருக்கிறது. போனை அதிர்வில் வைத்துக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் பக்கத்தில் மாற்றக்கூடியவை

மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையால் பின்னால் விழுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் விழுவதில்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் குறட்டை விடுபவர்களுக்குக் காசு செலவில்லாத தீர்வு இதுதான். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையை அண்டக் கொடுக்கலாம். பழைய பனியனின் முதுகில் பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டு வைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த உத்தி. மல்லாந்தால் பந்து குத்தும், தூக்கத்திலேயே திரும்பிவிடுவார். வேலை செய்யும், ஆனால் பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் பக்கவாட்டில் படுக்கும் பழக்கம் வந்துவிட்டால் லாபம். தலையை உயர்த்துவதும் உதவும். அதற்காகத் தலையணை மேல் தலையணை அடுக்கினால் கழுத்து முன்னால் மடங்கி வழி இன்னும் குறுகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்துவது மேல்.

முழங்கையால் இடிப்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். அவரை இடிக்க நீங்கள் விழித்திருக்க வேண்டும். பாதிப் படுக்கையில் காவல்காரர் வேலை பார்த்து யாரும் தூங்கியதில்லை.

மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். குடித்த இரவில் குறட்டை கூடுவது அதனால்தான். சில தூக்க மாத்திரைகளும் அப்படியே. புகைபிடிப்பதும் தூசி ஒவ்வாமையும் மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும். மூக்கடைப்புதான் காரணம் என்றால் உப்புநீர்ச் சொட்டு மருந்து, தலையணை உறையை வெந்நீரில் துவைப்பது, மூக்கின் மேல் ஒட்டும் பட்டை இவை பலன் தரும். மூக்கடைப்பை உடனே திறந்துவிடும் சொட்டு மருந்துகளை மட்டும் நான்கைந்து நாளுக்கு மேல் தொடரக்கூடாது. தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பிக்கும்.

எடை விஷயத்தை வீட்டில் பலர் சண்டைக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத் தடை ஏறத்தாழ 26 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. நிச்சயம் பயன் உண்டு, ஆனால் மாதங்கள் ஆகும். அதுவரை நீங்கள் தூங்காமல் இருக்க முடியாது. எனவே எடை குறைப்பதை மற்ற வழிகளோடு சேர்த்துச் செய்ய வேண்டும், அவற்றுக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மெலிந்தவர்களும் குறட்டை விடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தாடை சின்னதாக, உள்வாங்கியிருந்தால் அதுவே போதும்.

மூக்கில் மாட்டும் காந்தக் கிளிப், தாடைக் கட்டு என்று விற்பவற்றில் காசைப் போடாதீர்கள். வாயில் பிளாஸ்திரி ஒட்டித் தூங்குவது இப்போது பரவி வருகிறது. மூக்கடைப்போ மூச்சுத் தடையோ உள்ளவருக்கு அது ஆபத்து. எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

தனியாகப் படுப்பது

இதுதான் நன்றாக வேலை செய்யும் வழி. நம் வீடுகளில் மிகவும் கஷ்டமான வழியும் இதுதான்.

யார் எங்கே படுக்கிறார்கள் என்பது ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மருமகள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் 'என்னாச்சு, சண்டையா?' என்று கேட்காத மாமியார் அபூர்வம். ஊரிலிருந்து வந்த சித்தி அதை நாலு பேரிடம் சொல்வார். இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பெண்கள் வாய் திறக்காமல் வருடக்கணக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். காலை 5 மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

கணவனும் மனைவியும் தினமும் ஒரே கட்டிலில்தான் தூங்க வேண்டும் என்பது நம் குடும்பங்களில் பலவற்றில் ஒன்றிரண்டு தலைமுறைப் பழக்கம்தான். ஆண்கள் திண்ணையில், பெண்களும் குழந்தைகளும் உள்ளே, கோடையில் எல்லோரும் மொட்டை மாடியில், ஆளுக்கொரு பாய் என்றுதான் தாத்தா பாட்டி தூங்கினார்கள். அவர்கள் குடித்தனம் குறைந்துபோகவில்லை. இந்த நினைவை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொன்னால் அவர்களில் பலருக்குச் சட்டென்று புரியும்.

முடிவெடுத்தபின் அடுத்த கேள்வி, யார் நகர்வது? வழக்கமாகத் தூக்கம் கெட்டவர்தான் சோபாவுக்குப் போகிறார். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். குறட்டை விடுபவர் எங்கே படுத்தாலும் தூங்கிவிடுவார். முதுகுவலி இல்லாதவராக இருந்தால் அவர் ஹாலுக்குப் போகலாம். அல்லது மாற்றி மாற்றிப் படுக்கலாம். மே மாதத்தில் ஹாலில் வெக்கை, ஏசி பெட்ரூமில் மட்டும் என்றால் இது பெரிய தியாகம்தான், மறுக்கவில்லை. கொசுவலை, ஒரு நல்ல மெத்தை, ஒரு டேபிள் ஃபேன் இவற்றை நிரந்தரமாக அங்கே தயார் செய்து வைத்துவிட்டால், நடுராத்திரியில் கோபத்தோடு போர்வையை இழுத்துக்கொண்டு போகிற காட்சி இருக்காது. வேலை நாட்களில் தனித்தனி, வெள்ளி சனி சேர்ந்து என்று வைத்துக்கொள்ளலாம். படுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கம் வரும்போது ஒருவர் எழுந்து போவதும் நடக்கிற காரியம்தான்.

நடுவில் கதவு இருந்தால் நிறைய மாற்றம் தெரியும். சாதாரண அறைக்கதவு சுமார் 20 டெசிபல் குறைக்கும். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பழைய புடவையைச் சுருட்டி வையுங்கள். கதவில்லாமல் அதே அறையில் தள்ளிப் படுப்பதில் பெரிய லாபமில்லை, சின்ன அறையில் சத்தம் சுவரில் மோதித் திரும்பிவிடும். அப்படித்தான் படுக்க முடியும் என்றால் இயர்ப்ளக்கையும் ஃபேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மூச்சு நின்று திணறும் ஆளைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் தனியறையில் விட்டுவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. நமக்குத் தூக்கம் கிடைத்துவிட்ட நிம்மதியில் அவர் நோய் யார் கண்ணிலும் படாமல் வளரும்.

அவரிடம் பேசுவது

ராத்திரி எழுப்பிச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். 'நானா? நான் தூங்கவே இல்லையே!' என்பார். காலையில், காபி நேரத்தில், யாரும் இல்லாதபோது சொல்லுங்கள். 'உங்களால எனக்குத் தூக்கமே இல்ல' என்று தொடங்குவதைவிட, 'ஏங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சு நடுநடுவுல நின்னு நின்னு வருது, எனக்குப் பயமா இருக்கு, ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?' என்று கேட்டால் காதில் ஏறும். ஒலிப்பதிவை அவருக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்க வைப்பது அவமானப்படுத்துவது. அதற்குப்பின் அவர் மருத்துவரிடம் வரவே மாட்டார்.

மாமனார் குறட்டை விடுகிறார் என்றால் மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது எளிது. 'அப்பா, பகல்ல ரொம்ப அசதியா இருக்கீங்க, ஒரு செக்கப் போய்ட்டு வருவோம்' என்றால் கௌரவம் கெடாமல் காரியம் நடக்கும்.

குறட்டை ஆண்களுக்கானது என்ற நினைப்பும் போக வேண்டும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் குறட்டையும் மூச்சுத் தடையும் கூடுகின்றன. வெட்கத்தால் மறைக்கிறார்கள், கேலிக்குப் பயந்து கல்யாண வீட்டில் எல்லோரோடும் படுக்காமல் தவிர்க்கிறார்கள். அம்மாவுக்குப் பகலெல்லாம் அசதி, மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லை என்றால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் ஒரு இரவு பக்கத்தில் படுத்துக் கேளுங்கள்.

மருத்துவத்தின் பக்கம் போனால்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ தொடங்கலாம். ஒலிப்பதிவைக் கையில் கொண்டுபோங்கள், பக்கத்தில் படுக்கும் நீங்களும் கூடப் போங்கள். தூக்கப் பரிசோதனையை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம், வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டும் செய்யலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

வெறும் குறட்டை அல்லது லேசான தடை என்றால் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் வாய்க்கருவி இருக்கிறது. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்து வழியைத் திறக்கும். தொண்டைக்கான பயிற்சிகளும் பலன் தருகின்றன. சுவிட்சர்லாந்தில் நடுத்தர மூச்சுத் தடை உள்ள 25 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை அவர்களில் ஒரு பகுதியினர் நான்கு மாதம் வாசித்துப் பழகினார்கள். அவர்களுடைய பகல் தூக்கம் குறைந்தது, பக்கத்தில் படுப்பவர்களும் தொந்தரவு குறைந்ததாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2006-இல் வந்தது. தொண்டைத் தசை உறுதிப்பட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

அறுவை சிகிச்சையை முதல் தேர்வாக நினைக்காதீர்கள். மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்தால் மூக்கு திறக்கும், ஆனால் குறட்டை நிற்கும் என்று உறுதியில்லை. குழந்தைகளின் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை வேறு கதை, அது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

நடுத்தரம், கடுமையானது என்றால் சிபாப் கருவிதான். சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் உலகுக்குச் சொன்ன முறை இது. முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மாட்டிய இரவே குறட்டை நின்றுவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 10 தம்பதிகளை வைத்துச் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிக்குச் சிபாப் மாட்டியதும் பக்கத்தில் படுத்திருந்தவரின் தூக்கம் படுக்கை நேரத்தில் 74 சதவீதத்திலிருந்து 87 ஆகக் கூடியது. ஓர் இரவுக்கு ஏறக்குறைய 62 நிமிடம் கூடுதல் தூக்கம். சிறிய ஆய்வுதான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் இயர்ப்ளக்கும் வேண்டாம், ஹாலும் வேண்டாம் என்று சேர்ந்து படுத்தே கிடைத்தது.

விலைதான் பலரைத் தயங்க வைக்கிறது. கருவி பல்லாயிரம் ரூபாய் ஆகும், முகமூடியும் குழாயும் அவ்வப்போது மாற்ற வேண்டும். எடுத்தவுடன் வாங்கிவிடாமல் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பல ஊர்களில் விற்பனையாளர்களே வாடகைக்குத் தருகிறார்கள். கருவியைவிட முகமூடி முகத்துக்குப் பொருந்துவதுதான் முக்கியம். ஓரத்தில் காற்று கசிந்தால் அந்த 'உஸ்' சத்தம் உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும். மூக்கை மட்டும் மூடுவது, மூக்கோடு வாயையும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்துவது என்று வகைகள் இருக்கின்றன. மீசை, தாடி உள்ளவர்களுக்குக் கடைசி வகை பெரும்பாலும் வசதி. ஆரம்பத்தில் 'மூச்சு முட்டுது' என்று கழற்றி எறிவார். மாலையில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள். வாய் உலர்ந்தால் ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர் என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் அந்த பிளக் பாயின்ட் இணைந்திருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.